முதுசொம் இல்லார் தேட்டம்: திருக்கோணமலைத் துறைமுகச் சூழலில் ஒரு நோக்கு

தேசவழமைச் சட்டம் ஒருவரது உடைமையை மூவகைப்படுத்தும். பெற்றோர் வழியாக வருவது முதுசொம். மணவேளையிற் பெண்ணுக்குக் கொடுக்கப்படுவது சீதனம். மணவாழ்க்கையிற் கணவனும் மனைவியும் தாமே ஈட்டிக்கொள்வது தேடிய தேட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த இவ்வழமைக்கு, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் பிரித்தானியர் சட்டவலு அளித்தனர். 1911 இலும் 1947 இலும் வந்த சட்டங்கள் தேட்டத்தின் எல்லையை மேலும் வரையறுக்க முயன்றன. நியாயவாதிகளுக்கு இச்சொல் தந்த வருவாயும் ஒரு தேட்டமே எனலாம். எனினும் இச்சட்டங்கள் யாவும் தேடப்பட்ட பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பதைப் பற்றியே பேசின. முதுசொமும் சீதனமும் இல்லாத ஒருவர் அப்பொருளை எவ்வாறு தேடினார் என்பது சட்டத்தின் கவலையாக இருக்கவில்லை.

வரலாற்றாசிரியர்களின் கவலையாகவும் அது பெரிதும் இருந்ததில்லை. காணியுடையோர் தோம்புகளிலும் உறுதிகளிலும் தம் பெயரை விட்டுச் சென்றனர். கோயிலுக்குக் கொடுத்தோர் கல்வெட்டிலே நின்றனர். ஒன்றுமில்லாது தொடங்கியோர் விட்டுச் சென்றவையோ அடைவுச் சிட்டைகளும், தபாற்கந்தோர்ச் சேமிப்புப் புத்தகங்களும், பாடசாலை அப்பியாசக் கொப்பியிற் கோடு கீறி எழுதப்பட்ட சீட்டுக் கணக்குகளுமேயாம். இத்தகைய ஆவணங்களைச் சுவடிச்சாலைகள் தேடிச் சேர்ப்பதில்லை. கறையான் தின்றவை போக எஞ்சியவற்றைக் கொண்டும், சட்டங்கள், நிறுவனங்கள் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டுமே இத்தேட்டத்தின் கதையை நாம் ஊகித்தறிய வேண்டியுள்ளது. திருக்கோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்ந்த எளிய மக்களை முன்வைத்து அம்முயற்சியில் இக்கட்டுரை ஈடுபடுகின்றது.

திருக்கோணமலைப் பட்டினமும் சூழலும் எனப்படும் பிரதேச செயலாளர் பிரிவில் அன்புவழிபுரம் என்றொரு குடியிருப்பு உண்டு. பெயரின் ஆக்கமே அதன் இயல்பை உணர்த்தும். தம்பலகாமம், கொட்டியாரம், கட்டுக்குளம் என்பன போலப் பழம்பற்றொன்றின் பெயரன்று அது. குடியேறியோர் தமக்கென ஓர் எண்ணத்தை ஊருக்குச் சூட்டிய காலத்துப் பெயர். பழம்பற்றுகளில் வாழ்ந்தோருக்கு வயலும் குளமும் கோயிற்றொழும்பும் பரம்பரையாக வந்தன. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கருதப்படும் கோணேசர் கல்வெட்டு, இன்னார் இன்ன தொழும்பு செய்தற்குரியர் என்று குடிகளுக்குரிய கடமையையும் உரிமையையும் வகுத்துரைப்பதை அறிவோம். அவ்வொழுங்கில் ஒருவரின் செல்வம் அவர் பிறந்த குடியோடு சேர்ந்தே வந்தது. அன்புவழிபுரம் போன்ற புதுக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கு அத்தகைய வரவு இல்லை. அவர்கள் எதிர்நோக்கியிருந்தது துறைமுகத்தையும் அதனால் இயங்கிய பட்டினத்தையுமே.

துறைமுகம் கொடுத்தது கூலி. 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து இதனைக் கைப்பற்றிய பிரித்தானியர் கடற்படைத் தளமாக வளர்த்தனர். 1927 இல் புகையிரதப் பாதை வந்தது. இரு உலகப் போர்களுக்கிடையே சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. மண் வெட்டியோரும் பாரம் சுமந்தோரும், பின்னர் பொருத்துநராகவும் தச்சராகவும் எழுதுவினைஞராகவும் அமர்ந்தோரும் மாத முடிவிற் பணத்தைக் கண்ணாற் கண்டனர். வயலில் உழைப்பவர் ஆண்டுக்கொருமுறை நெல்லைக் காண்கிறார். கரைவலை இழுப்பவர் பாடு கிடைத்த நாளிற் பங்கைக் காண்கிறார்; அதிலும் வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை; முற்பணம் வாங்கியவர் அதைத் தீர்க்கும்வரை அவ்வலையை விட்டு அகலவும் இயலாது. மாதச் சம்பளமோ குறித்த நாளில் குறித்த தொகையாக வருவது. குறித்த நாளில் வருகின்ற பணத்தைக் கொண்டுதான் குறித்த நாளிற் கட்டவேண்டிய எந்தக் கடப்பாட்டையும் ஒருவர் ஏற்க முடியும். பின்னர் நாம் நோக்கவிருக்கும் சீட்டுக்கு இதுவே அடித்தளம்.

ஆனால் கூலியைக் கொடுத்த கை கடலுக்கப்பாலிருந்தது. சிங்கப்பூர் 1942 பெப்புருவரியில் வீழ்ந்ததும் திருக்கோணமலையின் முதன்மை உயர்ந்தது. அதே ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன; மக்கள் பட்டினத்தை விட்டு ஓடினர். போர் முடிந்து, நாடு சுதந்திரம் பெற்று, 1957 ஒற்றோபர் 15 இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. பண்டாரநாயக்க அரசின் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாக அது கொண்டாடப்படுவது முறையே. ஆயினும் அத்தளத்தின் சம்பளத்தை நம்பித் தவணைக் கடப்பாடுகளை ஏற்றிருந்த குடும்பங்களுக்கு அந்நாள் வேறொரு பொருளையும் உடையதாயிருந்தது என்பதைத் தேசிய வரலாறுகள் குறிப்பதில்லை.

இவ்விடத்து ஒரு பொதுக்கருத்தை எதிர்கொள்ளவேண்டும். ஏழைகள் ஏழைகளாயிருப்பது சிக்கனம் இன்மையால் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் போதனை. 1859 இல் இங்கிலாந்தில் சாமுவேல் சிமைல்சு எழுதிய தன்முயற்சி நூல் அதன் வேதமாக விளங்கிற்று. நமது மொழியிலும் அதன் வழிவந்த நூல்கள் உண்டு. சேம்சு அலனின் நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே 1906 இல் சுதேசிக் கப்பலோட்டியவரும் அவரே. முயற்சியிலும் ஒழுக்கத்திலும் அவருக்கு ஒரு குறைவும் இருந்ததில்லை. 1936 இல் வறுமையில் மறைந்தார். மனம்போல வாழ்வு அமையாமைக்கு மனத்துக்குப் புறம்பான காரணங்களும் உண்டு என்பதற்கு அம்மொழிபெயர்ப்பாளரின் வாழ்க்கையைவிடச் சிறந்த உரை வேண்டியதில்லை.

இலங்கையிலும் ஆட்சியாளர் சிக்கனத்தைப் போதித்தனர். இலங்கைச் சேமிப்பு வங்கி 1832 இலும் தபாலகச் சேமிப்பு வங்கி 1885 இலும் நிறுவப்பட்டன. பின்னர் இவை 1971 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய சேமிப்பு வங்கியோடு இணைந்தன. இவை பணத்தை வாங்கி வைத்தன. கடன் தருவதில் எளியோர் பக்கம் திரும்பவில்லை. ஏனைய வங்கிகளோ ஐரோப்பியருக்குரியவையாயிருந்தன. அவற்றுக்கும் உள்ளூராருக்குமிடையே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நின்றனர். 1934 ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்தமையும், 1939 இல் இலங்கை வங்கி தோன்றியமையும் பலரும் அறிந்த செய்தி. அவ்வங்கியிலும் ஈடு இன்றிக் கடன் இல்லை. ஈடாக வைப்பதற்குரிய காணி முதுசொம் உடையோரிடமே இருந்தது. ஆகவே காணியில்லாதவர் சேமிக்கலாம். சேமிப்பை முதலாக்கும் வாயில் அவருக்குத் திறக்கவில்லை.

அவ்வாயிலை மக்கள் தாமே திறந்துகொண்ட வழியே சீட்டு. இதனை அறியாத தமிழர் இலர். அறிந்ததனாலேயே இதன் நுட்பத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இருபது பேர் மாதம் ஐயாயிரம் ரூபா வீதம் இருபது மாதங்களுக்குக் கட்டும் ஒரு கழிவுச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதத் தொகை 100,000 ரூபா. முதல் மாதத்தில் ஒருவருக்கு அவசரம், கூரை போடவேண்டும். அவர் 18,000 ரூபா கழிவு கேட்டு 82,000 ரூபாவை எடுத்துக்கொள்கிறார். கழிவுத்தொகையை இருபதாற் பிரித்தால் ஆளுக்கு 900 ரூபா. ஆகவே அம்மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 4,100 ரூபாவே. அவசரமில்லாதவர் காத்திருந்து கடைசி மாதத்திற் கழிவின்றி முழுத்தொகையையும் பெறுகிறார். முதலில் எடுத்தவர் கடனாளி. இறுதியில் எடுத்தவர் சேமிப்பாளர். இடையிலுள்ளோர் தாம் எடுக்கும் மாதத்துக்கேற்ப இரண்டிலும் சிறிது சிறிது. வட்டி வீதத்தை எவரும் விதிக்கவில்லை. அவசரமும் பொறுமையும் அறையொன்றினுள் எதிரெதிரே அமர்ந்து அதனைத் தீர்மானித்தன. ஒரு வங்கி செய்யவேண்டிய தொழில் யாவும் ஒரு வீட்டுத் திண்ணையிலே, கட்டடமும் காவலாளியும் இன்றி, அரை மணிநேரத்தில் முடிந்துவிடுகின்றன.

இதில் ஈடு எது என்பதே வினா. எடுத்தவர் ஓடிவிட்டால் என் செய்வது? அவர் ஓடமாட்டார் என்பதற்குச் சான்று அவரது முகமே. தாய்ச்சியாக இருந்து சீட்டு நடத்துபவர் உறுப்பினர் ஒவ்வொருவரின் வீட்டையும், தொழிலையும், அவருக்குச் சம்பளம் வரும் நாளையும் அறிந்தவர். பெரும்பாலும் அவர் ஒரு பெண். யார் வீட்டில் அடுப்பெரிகிறது, யார் வீட்டிற் பிள்ளைக்குச் சுகமில்லை என்பதறிந்தே எவரைச் சேர்ப்பது, எவருக்கு ஒருவாரத் தவணை விடுவது என்று அவர் முடிவு செய்கிறார். நியாயமாக நடவாத தாய்ச்சிகளும் இருந்தனர். இல்லாவிடின் 1935 இற் சீட்டுக்கெனத் தனியாக ஒரு கட்டளைச் சட்டம் இயற்றவேண்டிய தேவை எழுந்திராது. எனினும் திண்ணைச் சீட்டுகள் சட்டத்தின் துணையால் நடந்தன என்று சொல்வதற்கில்லை. அயலார் நாளையும் அயலாராகவே இருப்பர் என்ற நம்பிக்கையே அவற்றை நடத்திற்று.

இதே அடிப்படையை அரசாங்கமும் ஒருமுறை ஏற்றுக்கொண்டது. செருமனியில் ரைபைசன் தொடங்கிய கிராமியக் கடன் சங்கங்களைப் பின்பற்றி 1911 இல் இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது, உறுப்பினர் ஒருவருக்கொருவர் வரையறையற்ற பொறுப்பு ஏற்பதே விதியாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஐக்கிய நாணய சங்கங்கள் சிறப்பாக வேரூன்றியமைக்கு, ஊரார் ஒருவரையொருவர் நன்கறிந்த நெருங்கிய குடியிருப்புகளும் ஒரு காரணமாதல் வேண்டும். கிழக்கில் அவை அத்துணை வலிமை பெறவில்லை.

மானிடவியலாளர் கிளிபோர்ட் கீர்ட்சு 1962 இல் எழுதிய கட்டுரையொன்றில், யாவாவிலும் பிற நாடுகளிலும் தாம் நோக்கிய சுழற்சிக் கடன் முறைகளை, விவசாயச் சமுதாயம் வணிகச் சமுதாயமாக மாறும் ஏணியின் இடைப்படி என்று வருணித்தார். வங்கிகள் வளர வளர இவை மறையும் என்பது அதன் உட்கிடை. அறுபது ஆண்டுகள் கழிந்தும் சீட்டு மறையவில்லை. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஆசிரியரும், தாதியும், துறைமுகப் பணியாளரும் சீட்டும் கட்டுகின்றனர். எமது கருத்தில் கீர்ட்சின் பிழை, சீட்டை முதிராத வங்கியாகக் கண்டமையே. வங்கி ஈட்டை அறியும். சீட்டு ஆளை அறியும். ஈடில்லாதவர் உள்ளவரை பின்னையதன் தேவை தீர்வதில்லை.

சீட்டுப்பணம் எங்கே சென்றது? பெரும்பாலும் நகைக்கும் காணிக்குமே. நகையை அலங்காரப் பித்து என்று இகழ்வோர் உளர். அவர்கள் மக்கள் வங்கியின் அடைவுப் பிரிவு வாயிலில் ஒருநாட் காலை நின்று பார்ப்பது நன்று. தங்கம் எளியோரின் அவசரகால நிதி. காதிலும் கழுத்திலும் அணிந்தபடியே எங்கும் கொண்டுசெல்லலாம். எந்த ஊரிலும் பணமாக்கலாம். காணியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. கிழக்கின் புதுக் குடியிருப்புகளிற் பெரும்பகுதி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் அனுமதிப்பத்திரம், பின்னர் நிபந்தனைகளை நிறைவேற்றியோருக்கு அளிப்புப்பத்திரம். இவற்றை விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ துண்டாக்கவோ இயலாது. குடியானவர் தம் காணியை வட்டிக்காரரிடம் இழந்துவிடக்கூடாது என்னும் நன்னோக்கத்துடன் இவ்விதிகள் செய்யப்பட்டன. அதே விதிகள், ஒருவர் இருபது ஆண்டு உழைப்பைக் கல்லும் சீமெந்துமாக அக்காணியிற் போட்டபின், அவ்வுழைப்பைச் சந்தை மதிப்புள்ள முதலாக மாற்றுவதையும் தடுத்தன. வீடு இருந்தது, அதன்மேற் கடன் பெறும் வழி குறுகியிருந்தது.

இவ்வாறு சேர்ந்த தேட்டம் எத்தனை முறை சிதறியது என்பதைத் திருக்கோணமலையின் ஆண்டுக் கணக்கே கூறும். 1983 யூலையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 1985 இன் நடுப்பகுதியிற் பெருந்தொகையான தமிழ்க் குடும்பங்கள் மாவட்டமெங்கும் இடம்பெயர்ந்தன. 1987 ஒற்றோபரிற் சிங்களக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. அவர்களுள்ளும் முதுசொம் இல்லாதோரே மிகுதி. 1990 யூனின் பின்னர் மீண்டும் முகாம்களும் தமிழகம் நோக்கிய படகுகளும். 2004 டிசெம்பர் 26 இற் கடல் கரையேறியது. 2006 ஏப்பிரல் 12 இல் நகரச் சந்தையிற் குண்டு வெடித்ததை அடுத்துத் தமிழர் கடைகள் கொளுத்தப்பட்டன. அதே மாதத்திற் சம்பூர் மக்கள் வெளியேறினர். பின்னர் உயர்பாதுகாப்பு வலயமாகவும் முதலீட்டு வலயமாகவும் ஒதுக்கப்பட்ட அவர்களது காணியில் 818 ஏக்கர் 2015 இலேயே விடுவிக்கப்பட்டது. சொந்த ஊர் கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் இருந்தும், ஒன்பதாண்டு காலம் அங்குக் கால்வைக்க இயலாதிருந்தோர் அவர்கள்.

இந்நிகழ்ச்சிகள் தேட்டத்தின் ஒவ்வொரு வடிவத்தையும் வெவ்வேறு முறையிற் பாதித்தன என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஓடும்போது தங்கம் உடன் வந்தது. ஆனால் முகாமில் அரிசிக்கும் படகுக்கூலிக்கும் அதுவே முதலிற் கரைந்தது. காணி ஓடவில்லை, திரும்பி வந்தவரிடம் அனுமதிப்பத்திரம் இருந்தால் மீண்டும் கிடைக்கலாம், அப்பத்திரம் வீட்டோடு எரிந்திருந்தால் கந்தோர்ப் படிகளில் அலைவு. சீட்டுக்கு நேர்ந்ததோ இவற்றினும் கொடியது. இருபது பேருள் ஆறு பேர் தமிழகத்திலும், மூவர் கொழும்பிலும், இருவர் எங்கென்றறியாமலும் போய்விட்டால், எஞ்சியோர் எவரிடம் கேட்பது? முன்னமே எடுத்தவர் ஏமாற்றுக்காரராகவில்லை; எடுக்காதவர் முட்டாளாகவும் இல்லை. அயல் கலைந்ததனாற் கணக்கும் கலைந்தது. இவ்விழப்புகளுக்கு எந்த நட்டஈட்டு விண்ணப்பத்திலும் நிரல் இல்லை. எரிந்த வீட்டைக் கிராம அலுவலர் வந்து பார்வையிடலாம். குலைந்த சீட்டை எவர் பார்வையிடுவது? சிக்கனம் குறைந்தமையாலன்றி, தேடியதை வைத்தற்குரிய உறுதியான இடம் குறைந்தமையாலேயே இம்மக்களின் தேட்டம் தேய்ந்தது என்று யாம் கொள்வது இதனாலேயாம்.

உறுதியான இடமாக நெடுங்காலம் நம்பப்பட்டது ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இந்நிதிக்கு இப்போது தொழிலாளர் தம் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். ஊர் எரிந்தாலும் கொழும்பிலுள்ள கணக்கு எரிவதில்லை. துறைமுகக் கரையில் 1980 இல் இயங்கத் தொடங்கிய பிறிமா மாவாலை, 1982 இல் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனம் போன்றவற்றின் நிரந்தரப் பணியாளர் இப்பயனைப் பெற்றனர். டோக்கியோ சீமெந்தைத் தொடங்கிய ஏ. வை. எஸ். ஞானம் இரும்புச் சாமான் வாணிபத்திலிருந்து எழுந்த தொழிலதிபர். அத்தகையோர் வாழ்க்கையே தன்முயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது. ஆயின் அவரது ஆலை வாயிலில் அடையாள அட்டையுடன் நுழைந்தவருக்கும், நாட்கூலியாக ஒப்பந்தக்காரரின் பின்னே நின்றவருக்கும் இடையிலிருந்த வேறுபாடே எளியோரின் தேட்டத்தைத் தீர்மானிப்பதில் பெரிதாகும். மீனவருக்கும் மேசனுக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் இந்நிதி நடைமுறையில் எட்டாக்கனி.

அவ்வெற்றிடத்திற் போருக்குப் பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. வங்காளதேசத்தில் முகம்மது யூனுசு தொடங்கிய முறையைப் பின்பற்றிப் பெண்களைக் குழுவாக்கி, ஒருவர் கடனுக்கு மற்றையோரைப் பிணையாக்கினர். தோற்றத்தில் இது சீட்டையே ஒத்தது: அதே பெண்கள், அதே திண்ணை. வேறுபாடு, கழிவு எங்கே சென்றது என்பதிலே உள்ளது. சீட்டில் அவசரக்காரர் விட்டுக்கொடுத்த பணம் அயலாருக்கே பங்கிடப்பட்டது. நுண்கடனில் வட்டி வாராவாரம் ஊரைவிட்டு வெளியேறிற்று. ஒருத்தியின் நெருக்கடியை அறிந்து ஒருவாரம் பொறுக்கும் தாய்ச்சியின் இடத்தில், இலக்கு விதிக்கப்பட்ட ஓர் அலுவலர் முற்றத்தில் நின்றார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பது வழக்கமாயிற்று. 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் அரசாங்கம் திருக்கோணமலை உள்ளிட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்றுத் தவணை தவறிய 100,000 ரூபாவுக்கு மேற்படாத கடன்களைத் தீர்க்கும் திட்டமொன்றை அறிவித்தது. ஆண்டு வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. நூற்றுக்கு முப்பத்தைந்தைச் சலுகையென்று கொள்ளவேண்டியிருந்தமை முன்னைய வீதங்களின் கடுமையைக் காட்டும். அறாவட்டி என்று நம் முன்னோர் வைதது இதனினும் குறைந்த வீதத்தையே.

பின்னர் 2022 வந்தது. மார்ச்சுத் தொடக்கத்தில் அமெரிக்க டொலரொன்றுக்கு ஏறத்தாழ 200 ஆகவிருந்த ரூபா, மே மாதத்தில் 360 அளவிற்கு வீழ்ந்தது. செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. அவ்வாண்டு ஊழியர் சேமலாப நிதி வழங்கிய வட்டி 9 வீதம். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது அந்நிதியிடமிருந்த அரச பிணைகள் நீண்ட தவணையுடைய புதிய பிணைகளாக மாற்றப்பட்டன. தீயும் கடலும் தீண்டாத கொழும்புக் கணக்கைத் தீண்டுதற்கு இவ்வொரு வழி எஞ்சியிருந்தது. சீட்டும் தப்பவில்லை. பொறுமையாகக் காத்திருந்து இருபதாவது மாதத்தில் 100,000 ரூபா எடுத்தவர், முதல் மாதத்திற் கழிவு கொடுத்து 82,000 எடுத்தவரை விடக் குறைந்த சீமெந்தையே வாங்கினார். அவ்வாண்டில் அவசரக்காரர் வென்றார், பொறுமைசாலி தோற்றார்.

இதே 2022 ஆம் ஆண்டில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகனையும், இளையோருக்கு முன் மூத்தோரையும் வரிசைப்படுத்தியிருந்தது. கிழக்கிலோ வீடு பெண்ணுக்கென்பதே ஊர்வழக்கு. தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் மகளின் சீதன வீடாகச் சுவரெழும்பிற்று. அச்சுவர் நின்ற நிலத்தைச் சட்டம் அண்ணனுடையதென்றது. எண்பத்தேழு ஆண்டுகள் நின்ற அவ்வேற்றுமை 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அனுமதிப்பத்திரக் காணியில் அரைச் சுவருடன் நிற்கும் வீடொன்று இப்போது மகளுக்கும் மகனுக்கொப்ப உரியதாகலாம். எஞ்சிய அரைச் சுவருக்கு வேண்டிய சீமெந்தின் விலை மட்டும் அவ்வாண்டிற் பன்மடங்காகியிருந்தது.